விளக்கொளிக்கு எந்த வில்லை?

கமரா வாங்குவோரிற் பெரும்பாலார் கமராவை ஆராய்ந்து வாங்குகின்றனர், வில்லையை ஆராய்வதில்லை. பெட்டியில் உடன்வந்த வில்லை போதுமென்றிருந்து, மாலை வேளையில் வீட்டினுள்ளே எடுத்த முதற் படம் மங்கியும் கலங்கியும் வந்த பின்னரே, இதற்கு வேறு வில்லை உண்டாமே என்று விசாரிக்கத் தொடங்குகின்றனர். விசாரித்தவுடன் ஆளுக்கோர் எண் கூறுவர். எஃப் 1.8 போதும் என்பார் ஒருவர். எஃப் 1.4 இல்லாவிடின் வாங்கிப் பயனில்லை என்பார் மற்றொருவர். ஐம்பது மில்லிமீற்றரே வில்லை, ஏனையவை கண்ணாடித் துண்டுகள் என்பார் மூன்றாமவர். இந்த எண்களிடையே அகப்பட்டுத் தடுமாறும் நேயர் பலர். அவர்களுள் ஒருவரின் கடிதமே இக்கிழமை இவ்விடயத்தை நாம் எடுத்துக்கொள்ளக் காரணமாயிற்று.

முன்னர் எம்மிடம் பௌதிகம் பயின்று, இப்போது கிளிநொச்சிப் பகுதியில் ஆசிரியையாக இருப்பவர் அவர். அவருடைய அம்மம்மாவுக்கு வயது 88. மாலையில் விளக்கேற்றிய பின்னர் உள்ளறையிற் பாய்மேல் அமர்ந்து, சிறிய உரலில் வெற்றிலை இடித்தவாறு பேரப்பிள்ளைகளுடன் கதைத்துக்கொண்டிருப்பது அம்மூதாட்டியின் வழக்கம். அந்தக் கோலத்தில் ஒரு படம் எடுத்துவிட வேண்டுமென்பது பேர்த்தியின் விருப்பம். விருப்பம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 2009 ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்தபோது அக்குடும்பத்தின் படங்கள் யாவும் பெட்டியோடு போயின. கலியாணப் படம் இல்லை. பிள்ளைகளைத் தூக்கி வைத்திருந்த படமும் இல்லை. அம்மம்மாவின் முகம் இன்று பதிந்திருப்பது தேசிய அடையாள அட்டை ஒன்றில் மாத்திரமே.

“பிளாஷ் மின்னினால் அம்மம்மா கண்ணை இறுக மூடிவிடுகிறா, சேர். கண்ணிற் சத்திரசிகிச்சை செய்த பிறகு அந்த வெளிச்சம் அவவுக்கு ஒத்துவருவதில்லை. பிளாஷ் இல்லாமல் எடுத்தால் முகம் ஓரளவு தெரிகிறது. கைமட்டும் புகைபோல வருகிறது. ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா 50 மில்லிமீற்றர் எஃப் 1.4 வில்லை அனுப்புகிறேன் என்கிறார். கொழும்பில் ஒருவர் பாவித்த 35 மில்லிமீற்றர் எஃப் 1.8 வில்லையொன்றை விற்கிறார், விலையும் குறைவு. எதை எடுப்பது?” இவ்வாறு அவர் எழுதியிருந்தார். கையிலிருக்கும் கமரா நிக்கோன் டி5300 என்னும் 2013 ஆம் ஆண்டு வகை. உடன்வந்தது 18 முதல் 55 மில்லிமீற்றர் வரை நீளும் சூம் வில்லை.

‘கைமட்டும் புகைபோல’ என்ற சொற்களே இக்கடிதத்திற் பயனுள்ளவை என்போம். முகம் தெளிந்து கை கலங்கினால், ஆடியது கமராவன்று. வெற்றிலை இடிக்கும் கை. இக்காலச் சூம் வில்லைகள் பலவற்றில் எமது கைநடுக்கத்தைத் தணிக்கும் பொறியொன்று உண்டு. அதனாற் சுவரும் அலுமாரியும் தெளிவாக வரும். அமைதியாக இருப்பவர் முகமும் வரும். ஆனால் எதிரே அசைவதை நிறுத்த அப்பொறியால் இயலாது. அதற்கு ஷட்டர் விரைவாகத் திறந்து மூடல் வேண்டும். குறைந்த வெளிச்சத்தில் ஷட்டர் விரைய வேண்டுமெனின், அச்சிறு நேரத்துள் மிகுந்த ஒளி உள்ளே புகுதல் வேண்டும். ஒளி புகும் வாயில் அகன்ற வில்லையை விரைவு வில்லை என்று படக்கலைஞர் அழைப்பது இதுபற்றியே. வில்லை ஓடுவதில்லை, ஷட்டரை ஓடவிடுகிறது.

எஃப் எண் என்பது யாது? வில்லையின் குவியத் தூரத்தை அதன் வாயிலின் விட்டத்தால் வகுத்துப் பெறும் ஈவே அது. ஆதலின் எண் சிறுக வாயில் பெருகும். உடன்வந்த சூம் வில்லையை 35 மில்லிமீற்றரில் நிறுத்தினால் அதன் மிக அகன்ற நிலை எஃப் 4.5 அளவினது, 35ஐ 4.5 ஆல் வகுக்க, வாயில் 8 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஒரு கடலையின் பருமன் என்க. அதே 35 மில்லிமீற்றரில் எஃப் 1.8 எனின் வாயில் 19 மில்லிமீற்றர். ஏறக்குறையக் கட்டைவிரலின் அகலம். புகும் ஒளியோ விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 4.5ஐ 1.8 ஆல் வகுத்து வர்க்கிக்க 6.25 வரும். ஆகவே முன்னையதிலும் ஆறேகால் மடங்கு ஒளி. சூம் வில்லையில் ஒரு செக்கனின் எட்டிலொரு பங்கு திறந்திருக்க வேண்டிய ஷட்டருக்கு இதிலே ஐம்பதிலொரு பங்கு போதும். எட்டிலொரு பங்கிற் புகையாகிய கை, ஐம்பதிலொரு பங்கிற் கையாகவே வரும். உலக்கை மேலெழுந்து திரும்பும் கணத்தில் அழுத்தினால் விரல்களும் தெளியும்.

இவ்வளவிற்கும் அண்ணன் கூறியது சரியே. விரைவு வில்லை தேவை. சூம் வில்லையால் ஆகாது. ஆனால் 1.8 நன்றெனின் 1.4 இன்னும் நன்றன்றோ என்ற அடுத்த படியிலேதான் பலர் வழுக்குகின்றனர். 1.8 இலிருந்து 1.4 க்குப் போகையிற் கிடைக்கும் ஒளி ஒன்றேமுக்கால் மடங்குகூட இல்லை; சரியாகச் சொன்னால் 1.65 மடங்கு. ஐம்பதிலொரு பங்கு எண்பதிலொரு பங்காகும், அவ்வளவே. அந்த ஆதாயத்தையும் 50 மில்லிமீற்றர் வில்லை தானே உண்டுவிடுகிறது. எவ்வாறெனின், குவியத் தூரம் மிக, கைநடுக்கமும் படத்தில் மிகுந்து தோன்றும். குவியத் தூரத்தைக் கமராவின் பெருக்கு எண்ணாகிய 1.5 ஆல் பெருக்கி, வரும் தொகையைக் கீழே வைத்து ஒன்றை மேலே வைத்தால், கையிற் பிடித்து எடுக்கத்தக்க ஷட்டர் வேகம் கிடைக்கும் என்பது படக்கலைஞரின் பழைய கணக்கு. 35 மில்லிமீற்றருக்கு அது ஏறக்குறைய ஐம்பதிலொரு பங்கு. 50 மில்லிமீற்றருக்கு எழுபத்தைந்திலொரு பங்கு. ஆகவே 1.4 கூடுதலாகக் கொண்டுவந்த ஒளி, கைநடுக்கத்தைப் பொறுத்தமட்டில் 50 மில்லிமீற்றர் கூடுதலாகக் கேட்ட வேகத்திற்கே போய்விடுகின்றது. எஞ்சுவது விலையும் பாரமும்.

இனி அறைக்கு வருவோம். எண்களைப் பற்றி மணிக்கணக்காக வாதிடுவோர், படமெடுக்கும் அறையின் நீளத்தைக் கேட்பதேயில்லை என்பது எமக்கு வியப்பே. அளந்து எழுதுமாறு மாணவியைக் கேட்டோம். அறை 11 அடி. சுவரோரம் அம்மம்மா அமரும் இடமும் எடுப்பவரின் உடலும் கழிய, வில்லைக்கும் முகத்துக்கும் இடையே கிடைப்பது 9 அடி. மூதாட்டி, மடிமுன் உரல், ஒருபுறம் குத்துவிளக்கு, மறுபுறம் சாய்ந்திருக்கும் பேரப்பிள்ளை, இவையாவும் அடங்க 6 அடி அகலமான காட்சி வேண்டுமென்று கொள்க. காட்சியின் அகலத்தைக் குவியத் தூரத்தாற் பெருக்கி, கமராவினுள் ஒளியை ஏற்கும் உணரியின் அகலத்தால் வகுத்தால் நிற்க வேண்டிய தூரம் வரும். டி5300 இன் உணரி 23.5 மில்லிமீற்றர் அகலமானது. 35 மில்லிமீற்றருக்குக் கணக்கிட்டால் 9 அடி வருகிறது. 50 மில்லிமீற்றருக்கோ 12 அடி 9 அங்குலம். அறையோ 11 அடி. அண்ணன் அனுப்பும் வில்லையைக் கொண்டு அப்படத்தை எடுக்கச் சுவரை இடித்துப் பின்னே போதல் வேண்டும்.

ஐம்பது மில்லிமீற்றருக்கு இத்துணைப் பெருமை வந்த வரலாறும் அறியத்தக்கது. 1925 ஆம் ஆண்டிலே ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த லைக்கா கமரா 50 மில்லிமீற்றர் வில்லையோடு வந்தது. அதன் பிலிமிற் படத்தின் பரப்பு 36 க்கு 24 மில்லிமீற்றர். மூலைவிட்டம் 43 மில்லிமீற்றர். குவியத் தூரம் மூலைவிட்டத்தை அண்மித்திருந்தால் படம் கண்ணுக்கு இயல்பாகத் தோன்றும் என்பது பொதுவிதி. ஆகவே பிலிம் கமராவுக்கு 50 இயல்பான வில்லையாயிற்று. தலைமுறை தலைமுறையாக அந்த எண் வாயில் ஊறிவிட்டது. மாணவியின் கமராவிலோ உணரியின் மூலைவிட்டம் 28 மில்லிமீற்றரே. அதற்கு 35ஏ இயல்புக்குக் கிட்டியது. 50 அதிலே சிறிது தொலைநோக்கும் வில்லையாகிவிடுகிறது. பிலிம் காலத்து மாமாமார் கூறும் ஆலோசனை பொய்யன்று. கமரா மாறிவிட்டது, அவ்வளவே. பிலிமின் அளவேயுடைய உணரி கொண்ட விலையுயர்ந்த கமராக்களை வைத்திருப்போருக்கு 50 இன்றும் இயல்பான வில்லைதான்.

கணக்கை நம்பாதோர் கண்ணை நம்பலாம். அதற்குக் காசு வேண்டுவதில்லை. கையிலிருக்கும் சூம் வில்லையை 35 என்ற குறியில் நிறுத்தி, வளையம் அசையாதவாறு ஒட்டுநாடாவால் ஒட்டிவிட்டு, ஒரு மாலை முழுதும் அதனுடனேயே வீட்டினுள் நடந்து பார்த்தல் வேண்டும். மறுநாள் 50 இல் ஒட்டிப் பார்த்தல் வேண்டும். படம் மங்கலாக வரும். அதனைப் பொருட்படுத்த வேண்டா. யார் அடங்குகிறார், யார் வெட்டுப்படுகிறார் என்பதே பார்க்கவேண்டியது. முன்னர் எடுத்த படங்கள் கணினியில் இருப்பின், ஒவ்வொன்றும் எந்தக் குவியத் தூரத்தில் எடுக்கப்பட்டதென்பது படத்தின் விவரத்திற் பதிந்திருக்கும். அதையும் எண்ணிப் பார்க்கலாம். தாம் விரும்பும் வில்லை எதுவென்று சொல்லுகிறவர் வேறு, அவர் கை எடுத்த படங்கள் சொல்லுவது வேறாக இருப்பதுண்டு.

மாணவி இரு மாலைகள் அவ்வாறே செய்தார். 50 இல் ஒட்டிய மாலையில், அலுமாரியில் முதுகு முட்ட நின்றும் முகமும் தோளும் உரலுமே அகப்பட்டன. விளக்கு வெளியே நின்றது, பேரப்பிள்ளையின் முகம் பாதியில் வெட்டுண்டது. 35 இல் ஒட்டிய மாலையில் யாவரும் அடங்கினர். “விளக்கு இல்லாவிட்டால் அது அம்மம்மாவின் படம் மாதிரித் தெரியவில்லை, சேர்” என்று எழுதியிருந்தார்.

தெளிவின் ஆழம் என்பதொன்றையும் ஈண்டுச் சொல்லல் வேண்டும். வாயில் அகல அகல, படத்திலே தெளிவாக நிற்கும் பகுதி ஒடுங்கும். கடைகளில் 1.4 வில்லையின் புகழ்பாடுவோர், பின்னணி வெண்ணெய்போல உருகிவிடும் என்பர். உருகுவது பின்னணி மட்டுமன்று. 9 அடித் தூரத்தில், 35 மில்லிமீற்றர் வில்லையை எஃப் 1.8 இல் வைத்துக் கண்ணைக் குறிவைத்தால், கண்ணுக்கு முன்னே ஒரு சாணும் பின்னே ஒரு சாணும் தெளிவாக இருக்கும். அதே தூரத்தில் 50 மில்லிமீற்றரை எஃப் 1.4 இல் வைத்தாலோ முன்னே நான்கு விரல், பின்னே நான்கு விரல். முகம் தெளிந்தால் உரலிலிருக்கும் கை கரையும். கை தெளிந்தால் முகம் கரையும். கை புகையாகிறதென்று தொடங்கிய கடிதத்திற்கு, அதே கையை வேறு வழியிற் புகையாக்கும் வில்லையை விடையாகக் கொடுத்தல் எப்படி? 35 இலும் முன்னால் நீட்டிய கை ஒரு சாணைக் கடக்கலாம். அம்மம்மாவை நேர்முன்னே நின்று எடாது சற்றுப் பக்கவாட்டில் நின்று எடுத்தால், முகமும் கையும் கமராவிலிருந்து ஏறக்குறையச் சமதூரத்தில் வரும்.

இதன் எல்லையைக் கண்டவர் ஸ்ரான்லி குப்ரிக் என்னும் திரைப்பட நெறியாளர். 1975 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பரி லிண்டன்’ என்ற படத்திலே மெழுகுதிரி வெளிச்சத்தில் மாத்திரம் சில காட்சிகளை எடுக்க அவர் துணிந்தார். அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவுக்காக சைஸ் கொம்பனி செய்த 50 மில்லிமீற்றர் எஃப் 0.7 வில்லையைப் பெற்று, சினிமாக் கமராவிற் பொருத்தினார். அதன் வாயில் 71 மில்லிமீற்றர். ஒரு தேநீர்க் கோப்பையின் வாய் எனலாம். ஒளி போதுமாயிற்று. ஆனால் தெளிவின் ஆழம் அத்துணைக் குறுகிவிட்டமையால் நடிகர் இருந்த இடத்தைவிட்டு அதிகம் அசையாதிருக்க வேண்டியதாயிற்று. கதை 18 ஆம் நூற்றாண்டுச் சீமான்களுடையதாதலின் அந்த அசையாமை அழகாகவே அமைந்துவிட்டது. வெற்றிலை இடிக்கும் அம்மம்மாவிடம் அசையாதிருக்கச் சொல்ல முடியுமா?

ஆதலின் 35 மில்லிமீற்றர் எஃப் 1.8 என்றே மாணவிக்கு எழுதினோம். நிக்கோன் கொம்பனி 2009 ஆம் ஆண்டில் இத்தகைய சிறு உணரிக் கமராக்களுக்கென்றே வெளியிட்ட வில்லை அது. பாரம் 200 கிராம். ஒரு முகத்தை மாத்திரம் விறாந்தையில் இருத்தி எடுக்க விரும்புவோருக்கு 50 நல்லது. 35 உடன் முகத்தருகே நெருங்கினால் மூக்குப் பருத்துத் தோன்றும். பாடசாலை விழாவில் மூன்றாம் வரிசையிலிருந்து மகளின் நடனத்தை எடுக்க விரும்பும் தந்தைக்கு இவ்விரண்டும் உதவா. அவர் 85 மில்லிமீற்றர் எஃப் 1.8 பக்கம் பார்க்கலாம். கெனன் கமரா வைத்திருப்போருக்கு எல்லாரும் எடுத்துக் கொடுப்பது 2015 ஆம் ஆண்டில் வந்த 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 வில்லை. மலிவானது, நல்லது. ஆயினும் கெனனின் சிறு உணரி இன்னும் சிறிது ஒடுக்கமாதலின், மேற்கூறிய 6 அடிக் காட்சிக்கு அதனுடன் 13 அடிக்கு மேல் பின்வாங்க வேண்டும். அவர்கள் பாவித்த 35 மில்லிமீற்றர் எஃப் 2 ஒன்றைத் தேடுதல் உத்தமம், 1.8 க்கும் 2 க்கும் உள்ள வேறுபாடு சிறிதே. 24 மில்லிமீற்றர் எஃப் 2.8 என்ற மெல்லிய வில்லை விலையாற் கவரும். ஒளியோ 1.8 வில்லை தருவதிற் பாதிகூட இல்லை. பகற்பொழுதுக்கு அது ஏற்றது.

நிக்கோன் வாங்குவோர் ஒரு சொல்லிற் கவனமாயிருத்தல் வேண்டும். வில்லையின் மேல் ‘ஏ.எஃப்.’ என்று மட்டும் பொறித்திருப்பின், குவியத்தைச் சரிசெய்யும் மோட்டார் அதனுள் இல்லை. கமராவின் மோட்டாரை அது எதிர்பார்க்கும். டி3000, டி5000 வரிசைக் கமராக்களில் அம்மோட்டார் கிடையாது. ‘ஏ.எஃப்.-எஸ்.’ என்றிருந்தால் மோட்டார் வில்லையினுள்ளேயே உண்டு. இவ்வோர் எழுத்தைப் பாராது மலிவென்று பழைய 50 மில்லிமீற்றரை வாங்கி, வளையத்தைக் கையாற் சுழற்றிக்கொண்டிருப்போர் உளர். கண் கூர்மையானவருக்கு அதுவும் கைவரும், அவசரத்திற்கு ஆகாது.

கண்ணாடியில்லாக் கமராக்கள் வந்துவிட்டனவே, இப்பழைய வகைக்கு ஏன் இனியும் காசு செலவிட வேண்டும் என்று கேட்கலாம். நிக்கோனும் கெனனும் 2018 இல் தத்தம் புதிய வரிசைகளைத் தொடங்கியது மெய்யே. அதனாலேதான் பலர் பழைய வில்லைகளை விற்கின்றனர். எம்போன்றோருக்கு அது வாய்ப்பாயிற்று. 2022 இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்த பின்னர் புதிய வில்லையொன்றின் விலையைக் கேட்டு ஆசிரியர் எவரும் நிம்மதியாக உறங்க முடியாது. அன்றியும், மேற்சொன்ன ஏ.எஃப்.-எஸ். வில்லை, இடையே ஓர் இணைப்பு வளையம் பூட்டினால் நிக்கோனின் புதிய கமராக்களிலும் தானே குவியம் பிடித்து வேலை செய்யும். ஆகவே காசு வீண்போகாது.

பாவித்த வில்லை வாங்குமிடத்து அஞ்சவேண்டியது கீறலன்று, பூஞ்சணம். எமது நாட்டின் ஈரப்பதன் வில்லைக்குப் பகை. அலுமாரியில் துணிகளோடு மாதக்கணக்கில் அடைத்து வைத்த வில்லையின் உட்புறத்திலே சிலந்திவலைபோல மெல்லிய நூல்கள் படரும். சில வேளை வில்லையின் மேற்பூச்சையே அவை அரித்துவிடும். பின்னர் துடைத்தாலும் தடம் போகாது. ஆகவே விற்பவரிடம் சென்றவுடன் வில்லையின் முன், பின் மூடிகளைக் கழற்றி, பின்புறமிருந்து ரோச் விளக்கைச் சரிவாகப் பிடித்து, முன்புறமாகப் பார்த்தல் வேண்டும். ஓரிரு தூசி இருப்பின் குற்றமில்லை, படத்தில் தெரியாது. நூலோ பனிப்படலமோ தெரியின், எவ்வளவு மலிவாயினும் திருப்பிக் கொடுத்துவிடுக. வாயிலின் தகடுகளில் எண்ணெய் மினுங்குகிறதா என்றும் நோக்குக. பின்னர் தம் கமராவையே கொண்டுசென்று பூட்டி, கடையின் இருண்ட மூலையிலுள்ள ஒரு பெட்டியின் எழுத்தைக் குறிவைத்து, எஃப் 1.8 இற் பத்துப் படங்கள் எடுத்துப் பெருப்பித்துப் பார்த்தல் வேண்டும். பத்தில் எட்டேனும் தெளிவாயிராவிடின் அது எமக்குரிய வில்லையன்று. விற்பவர் முகம் சுளித்தாற் சுளிக்கட்டும்.

கொழும்புக்குப் போன உறவினர் ஒருவர் மூலம் அவ்வில்லையைப் பார்த்தெடுத்துக்கொண்ட மாணவி, எப்படி வைத்து எடுப்பதென்றும் கேட்டிருந்தார். நாம் எழுதியது இது. வாயில் எஃப் 1.8 அல்லது எஃப் 2. ஐ.எஸ்.ஓ. என்னும் உணர்திறன் 1600 இல் தொடங்கலாம். மின்குமிழை அணைத்து விளக்கொளியில் மட்டும் எடுப்பதாயின் 3200, வேண்டின் 6400. படத்திலே மணல்போலச் சிறிது பொருக்குத் தோன்றும், தோன்றட்டும். மணல் படிந்த முகம் முகமே. கலங்கிய முகம் யாருடையதோ. எல்.ஈ.டி. மின்குமிழ் எரியும் அறையாயின் ஷட்டரை ஐம்பதிலொரு பங்கில் அல்லது நூறிலொரு பங்கில் வைத்தல் நன்று. எமது மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்று உடையதாதலின் சில மலிவான குமிழ்கள் செக்கனுக்கு நூறு முறை மினுங்கும். வேறு வேகத்தில் எடுத்தால் படத்தின் குறுக்கே மங்கற் பட்டைகள் விழக்கூடும். குத்துவிளக்குக்கு இத்தொல்லை இல்லை.

குவியத்தைக் கமராவே தெரிவு செய்ய விடலாகாது. அது மூக்குக் கண்ணாடியின் சட்டத்தையோ விளக்கின் சுடரையோ பிடித்துக்கொள்ளும். ஒரேயொரு குவியப் புள்ளியைத் தெரிந்து, கமராவுக்குக் கிட்டிய கண்மேல் வைத்தல் வேண்டும். வெளிச்சம் மிகக் குறைந்த இடத்தில் பின்புறத் திரையைப் பார்த்து, கண்ணைப் பெருப்பித்துக் குவியம் பிடித்தால் மேலும் திருத்தமாக வரும். விளக்கு மூதாட்டியின் பின்னே நிற்பின் முகம் கறுக்கும். பக்கத்தே, சற்று முன்னே இருக்கட்டும். கமராவின் உயரம் பாயில் அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்கு வரவேண்டும். நின்றுகொண்டு எடுத்தாற் குழந்தையைப் பார்ப்பதுபோல ஆகிவிடும். ஆதலின் எடுப்பவரும் நிலத்தில் அமர்க.

எத்தனை படங்கள்? பிலிம் காலத்திற் போல எண்ண வேண்டியதில்லை. பேச்சு நடக்கட்டும், வெற்றிலை இடிபடட்டும், நூறு படங்கள் எடுக்கட்டும். பெரும்பாலானவை கழியும். உரலிலிருந்து தலையை நிமிர்த்திப் பேரப்பிள்ளையைப் பார்க்கும் அந்த அரைக்கணத்தில் கை தானே நிற்கும். அப்போது எடுப்பது வாய்க்கும்.

எடுத்த பின்னர் வில்லையை மீண்டும் துணி அலுமாரிக்குள் வைத்துவிடல் ஆகாது. இறுக மூடும் பிளாஸ்ரிக் பெட்டியொன்றில் ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பொதிகள் சிலவற்றை இட்டு அதனுள் வைக்கலாம். நிறம் மாறும் வகையாயின் எப்போது உலர்த்த வேண்டுமென்பது தெரியும். பெட்டிக்குள் ஈரப்பதன் நூற்றுக்கு 40 க்கும் 50 க்கும் இடையே நிற்பது நல்லது. அளக்கும் சிறு கருவி மலிவாகக் கிடைக்கும். கிழமைக்கொரு முறையேனும் வெளியே எடுத்துப் பாவித்தல் எல்லாவற்றிலும் சிறந்த காப்பு. பூஞ்சணத்துக்கு இருளும் ஓய்வும் பிடிக்கும்.

படங்களைப் பற்றியும் மாணவிக்கு ஒரு வரி எழுதினோம். தேர்ந்த பத்தைத் தாளில் அச்சிட்டு, ஒரு பிரதியை வீட்டிலும், ஒன்றை வேறூரிலுள்ள உறவினரிடமும் வைக்க வேண்டும். கமராவின் அட்டையிலுள்ளதை அண்ணனுக்கும் அனுப்ப வேண்டும். ஒரே பெட்டிக்குள் யாவும் இருத்தல் கூடாது என்பதை அக்குடும்பத்துக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

அச்சிடுதற்கு எந்தத் தாள், எந்த அளவு, எத்தனை ஆண்டு நிறம் மங்காதிருக்கும் என்பன பற்றி நேயர் சிலர் கேட்டிருக்கின்றனர். அதனை அடுத்த கிழமை எழுதுவோம்.